ஏழு பேருக்கு உள்ளேன், எனக்கு இல்லை

உட்காருங்கள் அண்ணாச்சி, உட்காருங்கள். அந்தப் பக்கம், சுவர் ஓரமாக. ஆங், இப்போது சரி. நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் இந்த பெஞ்சு அடங்கியது. என் பக்கத்துக் கால் உளுத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தக் கோடியில் கனமான ஆள் ஒருத்தர் இருந்தால் இந்தக் கோடி நிற்கும், இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும். அதனால் ஒரு சின்ன உதவி. எழுந்திருப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருங்கள். போன வாரம் கணக்கு சார் ஒருத்தர் இப்படித்தான் இங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் சொல்லாமல் எழுந்துவிட்டார். பேப்பர் மட்டும் பெஞ்சில் இருந்தது.

மாற்றக் கூடாதா என்று கேட்பீர்கள். இந்தக் காலேஜில் எதையும் மாற்ற மாட்டார்கள். அதோ வேப்பமரத்தில் தொங்குகிறதே ஒரு துண்டு தண்டவாளம், அதுதான் மணி. தாசையா அண்ணன், இங்கே பியூன், அவர் ஒரு இரும்புக் கம்பியை வைத்து அதை அடித்தால்தான் வகுப்பு தொடங்கும், அடித்தால்தான் முடியும். பையன்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்பிள்ளைகளுக்கு ஒரு மாடிப்படி. இரண்டு படியும் மேலே போய் ஒரே வராந்தாவில்தான் சேர்கின்றன, அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

கையில் என்ன, கார்டா? அட்மிஷன் விஷயமாக வந்திருப்பீர்கள். மகனா, மகளா? சரி, அது இருக்கட்டும். எப்படியும் நேரமாகும். பிரின்சிபால் உள்ளே குற்றாலநாதன் சாரோடு பேசிக்கொண்டிருக்கிறார். பிரின்சிபாலுக்கு எதையும் மூன்று தடவை சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். "அதாவது, ஒழுங்கு. ஒழுங்குன்னா என்ன? ஒழுங்குதான், அதாவது..."

பார்த்தீர்களா, பார்த்தீர்களா? தாசையா அண்ணன் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு ஓடிவருகிறார். ஒன்றுமில்லை அண்ணே, பிரின்சிபால் கூப்பிடவில்லை, நான்தான். முறைக்காதீர்கள். நாலு மாசமாக ஏமாறுகிறீர்கள், பழகவே மாட்டேன் என்கிறீர்கள்.

இதுதான் அண்ணாச்சி என் வியாதி. ஒரு குரலைக் கேட்டால் போதும், என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். எங்கள் தெருவில் அப்பளம் விற்கிறவர், ஜங்ஷனில் ரயில் அறிவிக்கிற அம்மா, கோயில் கொடைத் திருவிழாவில் மைக் பிடிக்கிற ஆள், எல்லாரும் இங்கேதான் குடியிருக்கிறார்கள். அந்த வியாதிதான் இன்றைக்கு என்னை இந்த பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

என் பேர் சொரிமுத்து. பி.ஏ. வரலாறு, முதல் வருஷம். திங்கட்கிழமை பரீட்சை. எனக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வருகை எழுபத்தைந்து சதவீதம் இருக்க வேண்டும், என்னுடையது இருபத்திரண்டு. பரீட்சை எழுதாவிட்டால் இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம் புதிதாக வருகிற பொடியன்களோடு உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. எங்கள் அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர். தினமும் அவர் வண்டியில் ஏறி, காலேஜ் வாசலில் இறங்கி, அவர் கண் பார்க்கவே உள்ளே நுழைகிறேன். நான் கேட்டைத் தாண்டின பிறகுதான் வண்டியை எடுப்பார். அவரிடம் போய், "அப்பா, நான் காலேஜுக்கே வரவில்லையாம்" என்று எந்தக் குரலில் சொல்வது?

எப்படி ஆச்சு என்று சொல்கிறேன். இந்தக் காலேஜில் ஒரு பழைய விதி உண்டு. முதல் மணி வருகைதான் அன்றைய நாள் வருகை. மற்ற மணிகளில் நீங்கள் வகுப்பில் இருந்தாலும் சரி, வாய்க்காலில் குளித்தாலும் சரி, கணக்கில் வராது. எங்களுக்கு முதல் மணி தினமும் குற்றாலநாதன் சார். நாங்கள் குற்றாலம் என்போம். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அந்த மனிதர் வருகை எடுக்கும்போது தலை நிமிர்வதே கிடையாது. பதிவேட்டைப் பார்த்துப் பேரைச் சொல்வார், நாம் "உள்ளேன் ஐயா" என்போம், அவர் டிக் போடுவார். காதுதான் அவருக்குக் கண். "கண்ணு ஏமாத்தும்ல. காது ஏமாத்தாது." இதை வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வார்.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருக்கிறார். காலேஜ் திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொருத்தனும் கேலரியிலிருந்து இறங்கி மேடைக்குப் பக்கத்தில் போய் மூன்று தடவை "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். கேலரி என்றால் எங்கள் வகுப்பறை, சினிமாக் கொட்டகை மாதிரி படிப்படியாக பெஞ்சு ஏறிப்போகும். அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவர் மாதிரி கேட்பார். மூன்று தடவை கேட்டால் போதும், அந்தக் குரல் அந்தப் பேருக்குப் பதிவாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வேறு எவன் சொன்னாலும், "யாருல ப்ராக்ஸி குடுக்கது?" என்று கண்டுபிடித்துவிடுவார். ஐம்பத்துநாலு பேர் குரலும் அத்துபடி.

என் முறை வந்தது. சும்மா சொல்லிவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் முதல் "உள்ளேன் ஐயா"வைப் பிரின்சிபால் குரலில் சொன்னேன். குற்றாலம் சார் கண்ணை மூடியபடியே பாதி எழுந்துவிட்டார். இரண்டாவதைத் தாசையா அண்ணன் குரலில் சொன்னேன். மூன்றாவதைக் குற்றாலம் சார் குரலிலேயே சொன்னேன். அவருக்கு மட்டும் அது யார் குரல் என்று தெரியவில்லை. வகுப்பு முழுக்க பெஞ்சைத் தட்டிச் சிரிக்கிறது. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பென்சிலை எடுத்து என் பேருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். எனக்கு ஒரே பெருமை. காலேஜ் வந்து மூன்றாம் நாளே ஒரு பேராசிரியரைக் குழப்பிவிட்டேன் அல்லவா.

அதோடு விட்டேனா? பட்டியலில் இசக்கியப்பன் என்று ஒரு பேர் வந்தது. ஆள் வரவில்லை. அவன் யார், கறுப்பா சிவப்பா, எனக்கு ஒன்றும் தெரியாது. ஆள் இல்லாத பேரைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அரிக்கும். இறங்கிப் போய், மூக்கடைத்த மாதிரி, தகர டப்பாவுக்குள் தவளை உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரலை நானே தயாரித்து, மூன்று தடவை "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சார் தலையை ஆட்டி, "நல்ல கனமான குரல்" என்றார். பதிவாகிவிட்டது. அவன் வருகிற வரை தினமும் அவனுக்கு அந்தத் தவளைதான்.

ஏன் இருமுகிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா? பானை அந்த மூலையில் இருக்கிறது. வேண்டாமா, சரி. எழுந்திருக்கும் முன் என்னிடம் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் நிஜ இசக்கியப்பன் வந்தான். அண்ணாச்சி, ஆறடி ஆள். நிலையில் குனிந்துதான் உள்ளே நுழைந்தான். கிட்டத்தட்ட உங்கள் வாட்டசாட்டம். ஆனால் வாயைத் திறந்தால் ஊசி மாதிரி ஒரு குரல். ஆறாம் வகுப்புப் பிள்ளை கடவுள் வாழ்த்து பாடுகிற மாதிரி, மெலிசாக, மேலே மேலே போய் நிற்கும். சார் பேரைச் சொன்னார். அவன் அந்தக் குரலில் "உள்ளேன் ஐயா" என்றான். சாரின் பேனா நின்றது. "யாருல அது, இசக்கியப்பனுக்கு ப்ராக்ஸி குடுக்கது? அந்தப் பய குரல் எனக்குத் தெரியாதா?" என்றார். ஆப்சென்ட் போடப் போனவர், நான் பின்வரிசையிலிருந்து தவளையை விட்டதும் டிக் போட்டுவிட்டார்.

ஆறடி ஆள் முதல் நாளே தன் பேருக்குத் தானே ப்ராக்ஸி சொன்னான் என்று பேராகிவிட்டது. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தான். அந்தக் குரலால் அவன் ஏற்கெனவே எங்கேயும் வாய் திறப்பதில்லை போலிருக்கிறது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏல, நீ வாய மட்டும் அசை, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவன் அசைத்தான், நான் தவளையை விட்டேன். டிக். அன்றிலிருந்து அவன் வகுப்பில் இருக்கிற நாளிலும் அவனுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆகிப்போனது.

அவன் குரலை மட்டும் என்னால் பிடிக்கவே முடியாது அண்ணாச்சி. முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன். நான் செய்தால் கேலி பண்ணுகிற மாதிரி வருகிறது. அவன் பேசினால் அப்படி இல்லை.

கொஞ்ச நாளில் அவன் முதல் மணிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் அப்பா வாழைத்தார் மண்டியில் லோடு இறக்குகிறவர். காலேஜ் திறந்த வாரம்தான் லாரியிலிருந்து தாரோடு சறுக்கி விழுந்து முதுகு போய்விட்டது. அதனால்தான் இவன் முதல் வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். அப்புறம் அப்பா இடத்துக்கு இவன் இறங்க வேண்டியதாகிவிட்டது. விடியலில் போனால் பத்தரை ஆகும் முடிய. இரண்டாம் மணிக்கு ஓடிவருவான், சட்டையில் வாழைக்கறையோடு. "ஏல, உங்க அப்பா சும்மாவா இருக்காவ, படிக்கிற புள்ளைய மண்டிக்கு அனுப்பிட்டு?" என்று ஒருநாள் கேட்டேன். காலேஜே பதினொரு மணிக்குத்தான் தொடங்கும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறானாம். நல்ல கில்லாடி. அந்த அப்பாவும் அதை நம்பியிருக்கிறார் பாருங்கள். எந்த ஊரில் பதினொரு மணிக்குக் காலேஜ் தொடங்குகிறது?

கார்டை ஏன் மடக்குகிறீர்கள்? கசங்கிவிடும். அதில் காலேஜ் முத்திரை இருந்தால்தான் தாசையா அண்ணன் உள்ளே விடுவார்.

இவன் ஒருத்தனோடு போயிருந்தால் பரவாயில்லை. வசதியைப் பார்த்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். சேக் மைதீன் வந்தான், அவனுக்குக் காலையில் கால்பந்து. இன்னொருத்தனுக்குத் தூக்கம். இன்னொருத்தனுக்குப் பெண்கள் காலேஜ் பஸ் போகிற நேரம். மொத்தம் ஏழு பேர். இசக்கி போக மற்ற ஆறு பேருக்கும் பதிவான குரல் உண்டே, அதையெல்லாம் அப்படியே பிடிக்க வேண்டும். சேக் மைதீனுக்கு வாக்கியத்தின் கடைசியில் ஒரு இழுப்பு உண்டு. தூங்குகிறவனுக்குக் கொட்டாவி வந்து போன மாதிரி ஒரு "ஐயா". நான் எல்லாம் பிடித்தேன். கூலி ஒன்றும் இல்லை அண்ணாச்சி. சிரிப்புதான் கூலி. ஒருத்தன் குரலில் நான் சொல்லும்போது வகுப்பு முழுக்க சிரிப்பை அடக்கிக்கொண்டு சிவந்துபோய் இருக்கும் பாருங்கள், அதற்கு என்ன விலை?

ஆனால் குற்றாலம் சார் காதுக்குத் திசையும் தெரியும். ஏழு குரலும் ஒரே இடத்திலிருந்து வந்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, கேலரியின் கடைசி வரிசையில் குனிந்தபடி ஓடுவேன். வலது கோடியில் ஒரு உள்ளேன், நடுவில் ஒரு உள்ளேன், இடது கோடியில் ஒரு உள்ளேன். பலகை கிறீச் கிறீச் என்னும். சார் ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு, "மேல எலி ரொம்பச் சேர்ந்துபோச்சு" என்றார்.

நாலாம் நாள் பிரின்சிபாலிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. இங்கே சுற்றறிக்கை என்றால் தாசையா அண்ணன் ஒரு நீள நோட்டை எடுத்துவருவார், நடக்கிற பாடத்தை நிறுத்திவிட்டு சார் அதை உரக்க வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். "கேலரி வகுப்பறையில் எலிகளின் நடமாட்டம் அதிகரித்துள்ளதாகத் தெரியவருகிறது. மாணவர்கள் தின்பண்டங்கள் கொண்டுவருதல் கூடாது." எனக்காக அரசாங்க பாஷையில் ஒரு சுற்றறிக்கை. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இப்போது என் பேருக்கு வருவோம். பட்டியலில் சேக் மைதீனுக்கு அடுத்த பேர் சொரிமுத்து. இடது கோடியில் அந்த இழுப்புக் குரலில் சொல்லிவிட்டு, தொண்டையைச் சரிசெய்வதற்குள் சார் என்னைக் கூப்பிட்டுவிடுவார். அவசரத்தில் ஏதாவது ஒரு குரலில் சொல்வேன். சார் நிறுத்துவார். "இது யாரு? சொரிமுத்துக்கு எவன் ப்ராக்ஸி குடுக்கது?" ஆப்சென்ட். வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். மறுநாள் ஜங்ஷன் அம்மா குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, உள்ளேன் ஐயா" என்பேன். ஆப்சென்ட். அதற்கு மறுநாள் கோயில் மைக். ஆப்சென்ட். தினமும் ஒரு வேடம், தினமும் ஒரு ஆப்சென்ட். நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் சேக் மைதீனிடம் கேட்டேன், எனக்காக நீங்கள் யாராவது ஒரு ப்ராக்ஸி சொல்லக் கூடாதா என்று. நல்லா சொல்வோமே என்றான். அப்புறம்தான் இரண்டு பேரும் யோசித்தோம். எனக்குச் சொல்ல வேண்டிய ஏழு பேரும் வகுப்பில் இருந்தால் அவர்களுக்கு நான் எதற்கு?

இருபத்திரண்டு சதவீதம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சார் இடையில் மூன்று வாரம் விடைத்தாள் திருத்தப் போனார். அவருக்குப் பதிலாக வந்த சின்ன சாருக்குக் குரல் ஞானம் கிடையாது. எவன் என்ன சத்தம் போட்டாலும் டிக். அதுபோக குற்றாலம் சார் கையால் எனக்கு ஒரே ஒரு நாள் பிரசண்ட் விழுந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சுற்றறிக்கையோடு தாசையா அண்ணன் எலிப்பொறியும் வைத்திருக்கிறார், கடைசி வரிசையில். எனக்குச் சொல்ல வேண்டாமா? நான் வெறுங்காலோடு ஓடுகிறேன். சேக் மைதீனை முடித்துவிட்டேன். சார், "சொரிமுத்து" என்றார். கட்டைவிரலில் பொறி டபக்கென்று விழுந்தது. "எம்மோ" என்று கத்திவிட்டேன். உள்ளேனும் இல்லை, ஐயாவும் இல்லை. வெறும் எம்மோ.

சார் பேனா நின்றது. தலையைச் சாய்த்தார். "ஆங். இது புதுக் குரலா இருக்கே. சொரிமுத்துதானா? பிரசண்ட்" என்று டிக் போட்டார்.

விடுவேனா நான். வழி தெரிந்துவிட்டது அல்லவா. மறுநாள் என் பேர் வந்ததும் அதே எம்மோவை, அதே ஏற்ற இறக்கத்தோடு, அச்சு அசலாகச் சொன்னேன். சார் தலை நிமிராமலே, "ப்ராக்ஸி" என்றார். ஊரில் உள்ள எல்லாரையும் பிடித்துவிட்டேன் அண்ணாச்சி. என்னைப் பிடிக்கத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். சேக் மைதீன் தொண்ணூற்றிரண்டு. தூங்குகிறவன் தொண்ணூற்றைந்து. இசக்கியப்பன் நூறு. நூற்றுக்கு நூறு. ஐம்பத்துநாலு பேரில் அவன் ஒருத்தன்தான். இந்தக் காலேஜில் முழு வருகைக்கு நிறுவனர் பேரில் ஒரு மெடல் உண்டு. பிள்ளையைப் பெற்றவருக்கு முத்திரை போட்ட கார்டு அனுப்பி வரவழைத்து, பிரின்சிபாலே அவர் கையில் கொடுப்பார். சொரிமுத்து, இருபத்திரண்டு.

பலகைக்கு முன்னால் நின்று நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அப்புறம் குற்றாலம் சாரைத் தேடி ஆசிரியர் அறைக்குப் போனேன். "ஐயா, நான் தினமும் வகுப்பில் இருந்தேன்." அவர் பதிவேட்டை விரித்து, தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப சொல்லு. உன் குரல்ல சொல்லு. என் காது ஒத்துக்கிட்டா நான் கையெழுத்துப் போடுதேன்." பேரைச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். தவளை வந்தது. மறுபடி சொன்னார். சேக் மைதீன் வந்தான். மூன்றாவது தடவை குற்றாலம் சாரே வந்துவிட்டார். ஆசிரியர் அறையில் மற்ற சார்கள் தேநீரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் பதிவேட்டை மூடினார். வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பிரின்சிபால் அறைக்கு வா, அங்கே வைத்துக் கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன் என்றார். அதுதான் இன்றைக்கு. ஹால் டிக்கெட்டும் இன்றைக்கே கொடுத்து முடித்துவிடுவார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். ஏழு குரலில் சொன்னது நான்தான், அதனால் நான் வகுப்பில் இருந்தேன் என்று. சொன்னால் எனக்குக் கிடைக்கலாம், அந்த ஏழு பேருக்கும் போய்விடும். சேக் மைதீன் முன்கூட்டியே வந்துவிட்டான். "ஏல, நீ இல்லன்னா எங்களுக்கு அட்டெண்டன்ஸ் இல்ல, வாஸ்தவம்தான். அதுக்காகக் காட்டிக் குடுப்பியா?" என்றான். அவன் சொல்வதும் நியாயம் மாதிரிதான் இருந்தது.

இசக்கி மட்டும் பலகைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் அந்த ஊசிக் குரலில், "நான் போயி சொல்லிருதேம்ல" என்றான். "மூதி, சொன்னா மெடலும் போவும், ஹால் டிக்கெட்டும் போவும். வாய மூடிட்டுப் போ" என்றேன். தியாகம் கியாகம் என்று நினைக்காதீர்கள். அவன் போய்ச் சொன்னாலும் குற்றாலம் சார் காதுக்கு அது இசக்கியப்பனே இல்லையே. யாரோ ப்ராக்ஸி வந்து வாக்குமூலம் கொடுக்கிறான் என்பார்.

நேற்றிலிருந்து அவனைக் காணோம். மண்டியிலும் இல்லையாம்.

ஆக, இதுதான் நிலவரம். இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவார்கள். உள்ளே போய் என்ன சொல்வது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பெரியவர். இவ்வளவு நேரம் நான்தான் பேசினேன், உங்களை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. நீங்கள் சொல்லுங்கள், என்ன செய்யலாம்?

"தம்பி, காலேசு எத்தன மணிக்குத் தொடங்குது?"

ஒன்பதரைக்கு அண்ணாச்சி. ஏன், அட்மிஷன்...

அண்ணாச்சி, இன்னொரு தடவை சொல்லுங்கள்.

வேண்டாம், சொல்ல வேண்டாம். அதே ஊசிக் குரல். எனக்குத் தெரிந்துவிட்டது. குரலைப் பிடிக்கிறவன் என்று இவ்வளவு நேரம் பீற்றிக்கொண்டேன், உங்கள் உடம்பைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறீர்களே, முதுகு. அந்தக் கார்டைக் காட்டுங்கள். "செல்வன் இசக்கியப்பனின் தந்தையார் திரு. சுடலையாண்டி அவர்கள்." இனிமேல் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவேன்? எந்த அப்பா இதை நம்புவார் என்று உங்களிடமே கேட்டேனே.

அவன் மேல் கோபப்படாதீர்கள். இரண்டாம் மணியிலிருந்து ஒழுங்காக இருப்பான். நோட்டில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் மணி பாடத்தை மத்தியானம் என் நோட்டிலிருந்து எழுதிக்கொள்வான், என் கிறுக்கலையே வாசித்துவிடுவான் என்றால் பாருங்கள். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் ஒன்றும் கேட்காத மாதிரி உள்ளே போய் மெடலை வாங்கிக்கொள்ளுங்கள். நான் வராதவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நான் வீட்டில் படுத்துத் தூங்கினேன் ஐயா என்று சொல்லிவிடுகிறேன். நடிக்கிறதா எனக்குக் கஷ்டம்? அப்பாவிடம் மட்டும்...

கேட்கிறதா? கதவைத் திறந்துவிட்டார்கள். குற்றாலம் சார் பதிவேட்டை விரித்துவிட்டார், தலை குனிந்திருக்கிறது. கூப்பிடுகிறார்.

"சொரிமுத்து."

வரவில்லை அண்ணாச்சி. தவளையும் வரவில்லை, பிரின்சிபாலும் வரவில்லை. தொண்டையில் ஒருத்தரும் இல்லை. காற்றுதான் வருகிறது. மறுபடியும் கூப்பிடுகிறாரே.

"சொரிமுத்து."

"இருக்கான் ஐயா. இங்கனதான் இருக்கான்."

நீங்கள் எதற்குச் சொன்னீர்கள்? இந்த நாலு மாசத்தில் எனக்காக ஒருத்தர் சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் அந்தக் குரலில். அவ்வளவுதான், பாருங்கள், நெற்றியைச் சுருக்குகிறார்.

"யாருல அது, சொரிமுத்துக்கு ப்ராக்ஸி குடுக்கது?"

"ப்ராக்ஸி இல்லய்யா. நான் இசக்கியப்பன் அப்பா. எம் மவன் காலைல வரல. இந்தத் தம்பிதான் தெனமும் வந்திருக்கு. நான் உள்ள வந்து சொல்லுதேன்."

வேண்டாம், போகாதீர்கள். அவனுக்குப் பரீட்சை போய்விடும். சொன்னால் கேளுங்கள், உட்காருங்கள். எழுந்திருக்காதீர்கள், எழுந்தால் பெஞ்சு...

எம்மோ.

ஒன்றுமில்லை. முட்டியில்தான். கையை மட்டும் கொடுங்கள். உங்களுக்கு முதுகு, குனியாதீர்கள், நானே எழுந்துகொள்கிறேன். கார்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது, இருங்கள் எடுத்துத் தருகிறேன். வேண்டாமா?

உள்ளே பாருங்கள். சார் தலையைச் சாய்க்கிறார். பேனாவை எடுத்துவிட்டார்.

"ஆங். அது சொரிமுத்து. பிரசண்ட்."